இடது காதில் விழுந்தது

12 ஜூன் 2009, வெள்ளி

காலையிலிருந்து தூறல். ஓசூரிலிருந்து ஆறரை பஸ்ஸில் பெங்களூர். அத்திப்பள்ளியில் முக்கால் மணி நேரம் நெரிசல். இவர் பேப்பரை ஒரே பக்கத்தில் திறந்து வைத்தபடியே வந்தார். படிக்கவில்லை.

இன்று காதுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். அப்படித்தான் எழுத வருகிறது. ஆபரேஷன் முடிந்து சரியாக ஒரு மாதம். இடது காதின் உள்ளே மெல்லிய கம்பி. வெளியே, காது மடலுக்குப் பின்னால் மாட்டும் கருவி. அதிலிருந்து சின்ன வயர், வயர் நுனியில் காசளவு வில்லை. தோலுக்கு அடியில் வைத்துத் தைத்த காந்தம் அந்த வில்லையை டக்கென்று இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. என் தலை இரும்பை இழுக்கும் தலை.

சுதா மேடம் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படியாக ஏற்றினார். காதுச் சோதனை, பயிற்சி எல்லாம் அவர்தான். மங்களூர்க்காரர், தமிழ் பேசுவார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தலைக்குள் யாரோ ஸ்பூனால் தட்டுவது போல. பிறகு அவர் வாய் அசைந்தது, தகர டப்பாவில் உளுந்தைக் கொட்டிக் குலுக்கும் சத்தம். அதுதான் பேச்சாம்.

எப்படி இருக்கிறது என்று கேட்டார். கேள்வி வலது காதில்தான் புரிந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மறக்காமல் இருக்க:
– குளிக்க, தூங்கக் கழற்ற வேண்டும்
– ஈரம் ஆகாது. டப்பாவில், ஈரம் உறிஞ்சும் உருண்டைகளோடு வைக்க வேண்டும்
– நைலான் துணி, பிளாஸ்டிக் நாற்காலி கவனம் (உரசினால் வரும் மின்சாரம் கருவிக்கு ஆகாது)
– தினம் ஒரு மணி நேரம் வலது காதை அடைத்துவிட்டு இடதில் மட்டும் கேட்கும் பயிற்சி

இனி வ.கா., இ.கா. என்றே எழுதுவேன். முழுதாக எழுதி மாளாது.

14 ஜூன், ஞாயிறு

காற்று. மாடியில் துணி நிற்கவில்லை.

முக்காட்டை இழுத்துவிட்டால் வில்லையும் கூடவே வந்துவிடுகிறது. இன்று மூன்று முறை. மூன்றாவது முறை இட்லி மாவில் விழுந்தது. எடுத்துத் துடைத்தேன். வேலை செய்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ரிஸ்வானா கிட்டே வந்து பார்த்தாள். அவளுக்குப் பத்து வயது, இந்த மாதம்தான் ஆறாம் வகுப்பு. தொடலாமா என்று கேட்டாள். வில்லையைத் தொடவில்லை. தையல் போட்ட இடத்தை, முடி மழித்து முளைக்கும் இடத்தை, ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். முகம் சரியில்லை. பயந்திருக்கிறாள்.

அவள் பேசினால் இ.கா.வில் கிளி கத்துவது போல. இவர் பேசினாலும் அதே கிளி. கதவு சாத்தினாலும் கிளி. என் மகளின் குரல் இனி இதுதான் என்றால்?

19 ஜூன், வெள்ளி

ஜும்ஆவுக்கு இவர் போயிருக்கிறார். வீடு காலி. எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன்னால் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இ.கா. போனது. வலி இல்லை, சளி இல்லை. ஸ்விட்சை அணைத்த மாதிரி. ஒரு காது போதுமே என்றார்கள் எல்லாரும். ஒரு காதுதான் என்றால் சத்தம் கேட்கும், எந்தப் பக்கமிருந்து என்று தெரியாது. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஹார்ன் கேட்டு ஒதுங்கினால் ஆட்டோவுக்கு நேராகவே ஒதுங்கியிருப்பேன். இரண்டு தடவை நடந்தது. அதன் பிறகு ரோட்டைத் தனியாகக் கடப்பதில்லை.

போன வருடத்திலிருந்து வ.கா.வும் ஆரம்பித்துவிட்டது. சில நாள் அடைத்துக்கொண்டு, உள்ளே கம்ப்ரசர் ஓடும் இரைச்சல். இரண்டு மூன்று நாளில் திரும்பி வரும். டாக்டர் சொன்னது: வலதும் ஒரு நாள் போகலாம், அதற்குள் இடதைத் தயார் செய்வோம். ஒரு காது மட்டும் போனவர்களுக்கு வெளிநாட்டிலேயே இப்போதுதான் செய்து பார்க்கிறார்களாம். செய்து பார்ப்பது என்ற சொல் அன்றிலிருந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு வேலை சிப்காட்டில் ஒரு கம்பெனியில், டெலிபோன் போர்டு. பன்னிரண்டு வருடம். வ.கா. விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது. லீவு ஜூலை கடைசி வரை.

செலவைப் பற்றி இந்த நோட்டில் எழுதப்போவதில்லை.

25 ஜூன், வியாழன்

பயிற்சி. வ.கா.வில் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் கொடுக்கும் ஆரஞ்சு நிறப் பஞ்சு அடைப்பான், அதற்கு மேல் காது மூடி. ரிஸ்வானா வாயைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு படிப்பாள். நான் சொல்ல வேண்டும்.

பால் – கால் என்றேன்
வால் – கால் என்றேன்
கால் – பால் என்றேன்

சிரித்தாள். நானும் சிரித்தேன். பாத்ரூமில் போய் அழுதேன்.

பக்கத்து வீட்டு ரத்னம்மா வந்தார். கெலமங்கலத்துக்காரர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். தினமும் வாசலில் நின்று கேட்பது ஒன்றுதான்: "ஊட்டா ஆயித்தா?" சாப்பாடு ஆச்சா என்று. இன்று அடைப்பானோடு இருந்தேன். டடா-டடடா என்று ஐந்து தட்டு. ஆச்சு என்றேன். சரியான பதில். காது கேட்டதா, பழக்கம் கேட்டதா? எனக்கே தெரியவில்லை.

1 ஜூலை, புதன்

சுதா மேடத்திடம் இரண்டாவது முறை. சத்தத்தைக் கூட்டி வைத்தார். அவசரப்படாதீர்கள், மூளை கற்றுக்கொள்ளும் என்றார். சில பேருக்கு ஒரு வருடம் ஆகும். மற்றவர்களுக்கு? கேட்டேன். சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

வீட்டில் வெறும் இரைச்சல்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. இரண்டு நாளாக குக்கர் விசில் விசிலாகவே கேட்கிறது. இவர் இருமல் இருமலாக. சொல்லிவிட்டு நாளைக்குக் கேட்காமல் போய்விட்டால்? அதனால் சொல்லவில்லை.

வ.கா.வில் காலையில் லேசான இரைச்சல். போய்விட்டது. போய்விட்டதா என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விரலைச் சொடுக்கிப் பார்க்கிறேன்.

வாங்க: பேட்டரி, ரி.க்கு வெள்ளை சாக்ஸ், சீரகம்.

5 ஜூலை, ஞாயிறு

மதியம் கரண்ட் போனது. மிக்சி, டிவி, கீழ் வீட்டு மோட்டார் எல்லாம் ஓய்ந்து தெருவே அமைதி. இவர் கடையில். (இவருக்கு தேன்கனிக்கோட்டை ரோட்டில் பேரிங், ஆயில் சீல் கடை. ஞாயிறு அரை நாள்.)

நான் பாயில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், பயிற்சிக்காக வ.கா.வை அடைத்தபடி. ரிஸ்வானா வழக்கம் போல என் இடது பக்கம் வந்து ஒட்டி உட்கார்ந்து மேப் வரைந்துகொண்டிருந்தாள். இ.கா. போன நாளிலிருந்து அவளுக்கு ஒரு விளையாட்டு. கேட்காத காதில் ரகசியம் சொல்வாள். கணக்கில் மார்க் குறைந்தது, டம்ளரை உடைத்தது. என்ன சொன்னாய் என்று திரும்பினால் சிரிப்பாள், சொல்ல மாட்டாள். இப்போது மெஷின் வெறும் இரைச்சல் என்று நானே சொல்லியிருப்பதால் அந்தப் பழக்கம் தொடர்கிறது.

பென்சிலைக் கீழே வைக்காமல், என்னைப் பார்க்காமல், முணுமுணுத்தாள். உளுந்து குலுங்குகிற சத்தம். அதற்குள்ளிருந்து சொற்கள் எழுந்து வந்தன. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுந்து வந்தன.

"எனக்கும் ஒரு காது கேக்கலம்மா."

கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தேன். தண்டு எது, இலை எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டேன்.

6 ஜூலை, திங்கள்

ரி. ஸ்கூலுக்குப் போய்விட்டாள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

தப்பாகக் கேட்டிருப்பேன். பாலைக் கால் என்கிறவள். 'எனக்கும் ஒரு காசு' என்றிருக்கலாம். 'கேக்கு' என்றிருக்கலாம். பாதி சத்தம்தான் வருகிறது, மீதியை மூளையே நிரப்பிக்கொள்ளும் என்று சு.மே. (சுதா மேடம்) சொல்லியிருக்கிறார். எப்போதும் பயத்தோடு இருக்கிற மூளை எதைக் கொண்டு நிரப்பும்?

இரண்டு மாதமாக ஒரே வேண்டுதல், இந்தக் கருவி வேலை செய்ய வேண்டும் என்று. இன்று விடியலில் ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கேட்டது: இந்தக் கருவி வேலை செய்யாமல் இருக்கட்டும். நான் கேட்டது பொய்யாக இருக்கட்டும். எனக்கு இரண்டு காதும் போனாலும் சரி.

மாலை சோதித்துப் பார்த்தேன். தப்புதான், பெற்ற பிள்ளையை வேவு பார்ப்பது. செய்தேன்.

– டிவி பார்க்கும்போது பின்னால் வலது பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். திரும்பினாள்.
– பின்னால் இடது பக்கம் நின்று அதே மாதிரி. திரும்பவில்லை. இன்னொரு தடவை. திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாக. திரும்பினாள், ஆனால் வலது பக்கமாக.
– போன் வந்தது. இடது கையில் எடுத்தாள், வலது காதில் வைத்தாள்.

சாப்பிடும்போது என் இடது பக்கமே உட்கார்ந்தாள். அப்போதுதான் உறைத்தது. அவள் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்தால் நான் அவளுக்கு வலது பக்கம் இருப்பேன். நான் பேசுவது அவளுடைய நல்ல காதில் விழும். விளையாட்டுக்காக மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை என் பிள்ளை.

7 ஜூலை, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டிய காலோடு அப்படியே நின்றார்.

மெஷினில் கேட்டதை நம்பாதே என்றார். நேற்று வரை ஒன்றும் புரியவில்லை என்றவளுக்கு இன்று எப்படி முழு வாக்கியம் புரியும் என்றார். சோதித்ததைச் சொன்னேன். டிவி சத்தத்தில் எந்தப் பிள்ளை திரும்பும் என்றார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். பதில் சொல்லும் வேகம்தான் சரியாக இல்லை. இவர் எப்போதும் யோசித்துப் பேசுகிறவர்.

மதியம் சாப்பாட்டுக்கு வரவில்லை. கடையில் வேலை என்று போன்.

8 ஜூலை, புதன்

மழை. ஸ்கூல் வேன் தாமதம்.

யூனிபாரம் கழற்றுவதற்குள் உட்கார வைத்துக் கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது எனக்குக் கேட்டது என்றேன்.

யூனிபாரம் பட்டனைத் திருகினாள். பிறகு கேட்டாள், "எல்லாமே கேட்டுச்சா? முன்னாடி சொன்னதெல்லாம்?"

"இல்லடா. இது மட்டும்தான்."

"அப்ப மெஷின் வேல செய்யுதா?"

அதற்குச் சந்தோஷப்பட்டாள். இந்தப் பிள்ளையை நான் என்ன செய்வது.

மெல்ல மெல்ல வந்தது எல்லாம். தை மாதம் வேன் படியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டது. எனக்கு நினைவிருக்கிறது, நெற்றியில் வீக்கம், ஐஸ் வைத்தோம். மறுநாளிலிருந்து இடது காது அடைத்த மாதிரி. கொஞ்சம் திரும்பி வந்தது. பிறகு மறுபடி குறைந்தது. கிளாசில் கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு அவளே கேட்டு மாறியிருக்கிறாள், கண் தெரியவில்லை என்று டீச்சரிடம் பொய் சொல்லி.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒனக்குத் தலையில ஓட்ட போட்டாங்கல்ல. எனக்கும் போடுவாங்க. அப்புறம் நீ அழுவ."

அழவில்லை. எப்படி அழாமல் இருந்தேன் என்று இப்போது எழுதும்போது தெரியவில்லை.

9 ஜூலை, வியாழன்

இவர் நேற்று வந்ததும் ரி. தானே போய்ச் சொன்னாள். கேட்டுக்கொண்டு தலையைத் தடவிக்கொடுத்தார். அவள் ஹோம்வொர்க் எழுதப் போன பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"டாக்டர் ஒன் ஸ்கேன் பாத்த அன்னிக்கே சொன்னாரு. இது பொறவியிலேயே இருக்குறது, புள்ளைக்கும் ஒரு தடவ பாத்துருங்கன்னு."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீயும் அங்கதான் ஒக்காந்திருந்த. ஒன் இடது பக்கம் நின்னு மெதுவாச் சொன்னாரு. ஒனக்குக் கேக்கலன்னு தெரிஞ்சுச்சு. ஆப்பரேசன் முடியட்டும்னு விட்டுட்டேன். பயந்துட்டேன் ஷமீ."

நாலு மாதம். நாலு மாதம் இவர் மட்டும் சுமந்துகொண்டு பேரிங் விற்றிருக்கிறார். பாவம் என்று தோன்றியது. அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. இன்று காலையிலிருந்து அவரோடு பேசவில்லை. டீயை டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

சு.மே.க்கு போன் செய்தேன். சனிக்கிழமை பத்து மணி.

11 ஜூலை, சனி

பெங்களூர். மூன்று பேரும்.

சத்தம் புகாத அறை, நடுவில் கண்ணாடி. உள்ளே ரிஸ்வானா, தலைக்குப் பெரிய ஹெட்போன், கையில் பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வெளியே நாங்கள். சு.மே. முன்னால் விளக்கு. அவள் அமுக்கினால் எரியும்.

வலது காது: விளக்கு எரிந்தது, எரிந்தது, எரிந்தது. எனக்கு மூச்சு வந்தது.

இடது காது: சு.மே. குமிழைத் திருகுகிறார். விளக்கு இல்லை. இன்னும் திருகுகிறார். இல்லை. ரிஸ்வானா கண்ணாடி வழியாக என்னையே பார்க்கிறாள். என் முகத்தைப் பார்த்து எப்போது அமுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறாள். நான் திரும்பிக்கொண்டேன். பிள்ளைக்கு முதுகைக் காட்டி நின்றேன், சுவரில் ஒரு காலண்டரைப் பார்த்தபடி. பின்னால் விளக்கு எரிகிறதா இல்லையா தெரியாது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை நான்.

டாக்டர் மதியம் ரி.யின் ஸ்கேனையும் பார்த்துவிட்டுச் சொன்னவை. இந்தத் தடவை எதிரில் உட்காரச் சொல்லி, ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் கேட்டேன்:

– எனக்கு இருப்பதே அவளுக்கும். உள்காதில் ஒரு குழாய் பிறப்பிலேயே அகலம். இரண்டு பக்கமும்.
– இடது: பாதிக்கு மேல் போய்விட்டது. முழுதும் போகவில்லை.
– வலது: இப்போது நன்றாக இருக்கிறது.
– போனது திரும்பும் என்று சொல்ல முடியாது. இருப்பதைக் காக்கலாம். தலையில் அடிபடவே கூடாது.
– இடதுக்கு இப்போதே காது மெஷின், சாதாரண வகை. ஆபரேஷன் இப்போது இல்லை.
– மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனை.

ஆபரேஷன் இல்லை என்றதும் ரி. என்னைப் பார்த்தாள். இப்போது இல்லை என்றதில் 'இப்போது' என்பதை அவளும் கேட்டிருப்பாள்.

காதுக்கு அச்சு எடுத்தார்கள். ரோஸ் நிறக் களியைக் காதுக்குள் விட்டு, இறுகியதும் எடுத்தார்கள். அந்தக் குட்டி உருவத்தை அவளிடமே கொடுத்துக் காட்டினார் சு.மே. என் காது உள்ளே இப்படியா இருக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள், வலது காதும் போய்விடுமா என்று. போகாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். தெரியாது என்றுதான் வந்தது. தலையாட்டினாள். ஓசூர் வரும் வரை என் கையில் அவள் கை வேர்த்தபடியே இருந்தது.

14 ஜூலை, செவ்வாய்

காற்று நின்றுவிட்டது. கொசு.

இவரோடு பேச ஆரம்பித்துவிட்டேன். எப்போது என்று குறிப்பாக இல்லை. கேஸ் சிலிண்டர் பற்றி ஏதோ.

இ.கா. நாளுக்கு நாள் தெளிகிறது. பள்ளிவாசல் பாங்கு சத்தம் பாங்கு மாதிரியே கேட்கிறது, ராகம் இல்லாமல். ரத்னம்மா புருஷனைத் திட்டுவது சுவர் தாண்டிக் கேட்டது, எந்த மொழி என்று கூடத் தெரிந்தது (தெலுங்கு). சு.மே.யிடம் போனில் சொன்னேன். இவ்வளவு சீக்கிரமா என்று சந்தோஷப்பட்டார். எனக்கு வரவில்லை சந்தோஷம். முதலில் இது கேட்டுச் சொன்ன சேதி அப்படி.

ரி. வேனில் ஏறும்போதெல்லாம் படியைத்தான் பார்க்கிறேன். விளையாட்டுப் பீரியடில் ஓடாதே என்றேன். ஊஞ்சல் வேண்டாம் என்றேன். ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்துப் பரணில் வைத்தேன். பரணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயதுப் பிள்ளையைக் கண்ணாடிப் பாத்திரமாக ஆக்கிக்கொண்டிருக்கிறேன். தெரிகிறது. நிறுத்த முடியவில்லை.

18 ஜூலை, சனி

ரி.யின் மெஷின் வந்தது. சின்னதாக, தோல் நிறத்தில். மாட்டியதும் முதலில் சொன்னது: "அத்தா, ஒங்க சட்ட சத்தம் போடுது." இவர் சட்டைப் பையிலிருந்த பில் காகிதம் உரசியது. இவர் காகிதத்தை எடுத்து மறுபடி உரசிக் காட்டினார். மறுபடி. நாலைந்து தடவை. பிறகு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

19 ஜூலை, ஞாயிறு

மாலை ஐந்து மணிக்கு வ.கா. அடைத்தது. வழக்கமான இரைச்சல் இல்லை. எதுவுமே இல்லை. விரலைச் சொடுக்கினால் இல்லை. தண்ணீர்க் குழாய் இல்லை. பல் தேய்த்த அந்தக் காலை மாதிரி.

சொல்லவில்லை. நாளை ரி. முதல் முறையாக மெஷினோடு ஸ்கூலுக்குப் போகிறாள். அது முடியட்டும்.

20 ஜூலை, திங்கள்

இவர் ஏழு மணிக்கே கடை. லோடு வருகிறது.

வ.கா. அப்படியே. எழுந்ததும் இ.கா.வில் வில்லையை மாட்டும் வரை உலகம் இல்லை. அந்த இரண்டு நிமிடத்தை எழுதப்போவதில்லை.

டீச்சரிடம் நான் வந்து சொல்கிறேன் என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ரெடியாக நின்றேன். ரி. ஜடையைக் காது மறையாமல் இழுத்துக் கட்டிக்கொண்டாள். மறைக்க வேண்டாமா என்றேன்.

"வேணாம். டீச்சர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். கண்ணு தெரியலன்னு பொய் சொன்னதையும் சொல்லணும். நீ வராத."

ஒரு சொல் விடாமல் கேட்டேன், இ.கா.வில் மட்டும்.

வேன் தெருமுனையில் எங்கள் பக்கம் திரும்பியது. அவளிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன். சொல்லிவிட்டேன். நேற்று மாலையிலிருந்து எனக்கு வலது காது கேட்கவில்லை என்று. பையை மாட்டியபடி நிமிர்ந்து பார்த்தாள். என்னைவிட அவள் நிதானமாக இருந்தாள்.

"அத்தாகிட்ட சொன்னியா?"

இல்லை என்றேன்.

"இப்பவே போன் பண்ணு." ஏறிவிட்டாள். படியைப் பார்த்து ஏறினாள்.

உள்ளே வந்து போனை எடுத்தேன். பழக்கத்தில் வலது பக்கம் போனது கை. மாற்றினேன். காது மடலுக்குப் பின்னால் எந்த இடத்தில் வைத்தால் கேட்கும் என்று நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். மணி அடிப்பது கேட்டது. எடுத்தார். பின்னால் லாரி, ஆட்கள், இரும்பு.

சொன்னேன்.

அவர் பேசியதில் பாதி புரியவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னேன். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். கடையைப் பூட்டிவிட்டு வருகிறாராம்.